ஓர்கன் மாடத்துக்கு ஏறிய பெண்: எல்ஃபிரீடா அந்த்ரே (1841–1929)

சுவீடன் இசை என்றால் எங்களில் கனபேருக்கு முதலில் ஞாபகம் வருவது அபா. கொஞ்சம் தேடிக் கேட்கிற ஆட்கள் என்றால் இரண்டு மூன்று மெற்றல் குழுக்களின் பெயரும் சொல்வார்கள். மேற்கத்தேய சாஸ்திரிய இசை என்று கதைக்கத் தொடங்கினால் ஜேர்மனி, ஒஸ்ரியா, இத்தாலி, ரஷ்யா என்று பட்டியல் நீளும். அதில் சுவீடன் வராது. வந்தாலும் அதில் ஒரு பெண்ணின் பெயர் வராது. பெண்ணின் பெயர் வந்தால் அது பாடகியாகத்தான் இருக்கும்.

நாங்கள் இங்கே எழுதப்போவது பாடகி அல்லாத ஒரு பெண்ணைப் பற்றி. எல்ஃபிரீடா அந்த்ரே. ஓர்கன் வாசித்தவர், சிம்பொனி எழுதியவர், இசைக்குழுவை நடத்தியவர். இவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் "முதல் பெண்" என்ற சொல்லோடுதான் தொடங்குகிறார்கள். சுவீடனில் ஓர்கனிஸ்ட் தகைமைப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் பெண், பேராலயம் ஒன்றின் ஓர்கனிஸ்ட் ஆன முதல் பெண் என்று அந்தப் பட்டியல் போகும். எல்லாம் உண்மை. ஆனால் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் ஆறுதலாக வாசித்தபோது எங்களுக்கு வேறொரு கேள்வி எழுந்தது. கதவைத் திறந்து உள்ளே போன பிறகு என்ன நடந்தது? அதைத்தான் ஆகலும் குறைவாகக் கதைக்கிறம்.

ஒரு தீவு, ஒரு டொக்டர் வீடு

1841 பெப்ரவரி 19இல் கோட்லாந்து தீவின் விஸ்பி நகரத்தில் எல்ஃபிரீடா பிறந்தார். பால்டிக் கடலின் நடுவில் இருக்கிற தீவு அது. பழைய வணிகப் பட்டினம். சுற்றி மதிலும், உள்ளே இடிந்து கிடக்கிற நடுக்காலத் தேவாலயங்களும். அப்பா அந்திரேயாஸ் அந்த்ரே ஒரு வைத்தியர். இசைப் பைத்தியம் உள்ளவர், அரசியலில் தாராளவாதப் பக்கம் நின்றவர். இரண்டு மகள்களையும் இசையில் முறையாகப் பழக்க வேணும் என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

மூத்தவர் ஃபிரெட்ரிகா ஜேர்மனியின் லைப்சிக் நகருக்குப் போய்ப் படித்து, பிறகு ஸ்ரொக்ஹோம் றோயல் ஒப்பேராவின் பெயர்போன பாடகியானார். பிற்காலத்தில் ஃபிரெட்ரிகா ஸ்ரென்ஹமர் என்று அறியப்பட்டவர் இவர்தான். அவருக்குப் பெரிய சட்டத் தடை ஒன்றும் இருக்கவில்லை. ஏனென்றால் பெண் பாடுவதை ஐரோப்பா ஏற்றுக்கொண்டிருந்தது. 1850இல் சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் அமெரிக்காவுக்குப் போனபோது சனம் அள்ளுப்பட்டு வந்தது. பெண்ணின் குரலுக்குக் காசு கொடுக்க எல்லாரும் ஆயத்தம். அந்தக் காலத்தின் கோளாறு அதுக்கு அடுத்த படியில்தான் தொடங்கியது.

இளையவர் எல்ஃபிரீடாவுக்குப் பிடித்தது ஓர்கன்.

ஓர்கன் ஒரு வாத்தியம் மட்டுமில்லை

தேவாலயத்து ஓர்கனைக் கிட்ட நின்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேணும். பியானோவைப் போலக் கட்டைகள் இருக்கும். ஆனால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு. காலுக்குக் கீழே இன்னொரு வரிசைக் கட்டைகள். அதைக் காலால் வாசிக்க வேணும். இரண்டு பக்கமும் இழுவைகள். ஒவ்வொன்றையும் இழுக்க வேறு குழாய்த் தொகுதி பேசத் தொடங்கும். அக்காலத்தில் மின்சார மோட்டர் இல்லை. பின்னால் நின்று ஆட்கள் துருத்தியை மிதித்துக் காற்று கொடுக்க வேணும். கை, கால், காது, மூளை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை.

ஆனால் எல்ஃபிரீடாவுக்கு முன்னால் நின்ற தடை இந்தக் கஷ்டம் இல்லை. சுவீடனில் லூத்தரன் சபை அரச சபையாக இருந்தது. 2000ஆம் ஆண்டு வரைக்கும் அது அப்படித்தான் இருந்தது. ஆகவே தேவாலய ஓர்கனிஸ்ட் என்பது ஒரு பதவி. சம்பளம் உள்ள, பரீட்சை எழுதி, விண்ணப்பம் போட்டு, நியமனம் பெறுகிற உத்தியோகம். ஆராதனையில் முழுச் சபையையும் பாட வைத்து நடத்துகிற அதிகாரம் அந்தக் கதிரைக்கு உண்டு. ஒரு பெண் அந்தக் கதிரையில் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. பெண்கள் சபைகளில் மௌனமாக இருக்க வேணும் என்ற கருத்துள்ள பவுலின் நிருபம் ஒன்று இருக்கிறது. தேவாலயப் பதவி எதையும் பெண்ணுக்குக் கொடுக்கக்கூடாது என்று வாதாடியவர்களுக்கு அது கைவசம் இருந்த ஆயுதம்.

பதினான்கு, பதினைந்து வயதில் எல்ஃபிரீடா ஸ்ரொக்ஹோமுக்கு அனுப்பப்பட்டார். இசைக் கல்லூரியின் ஓர்கன் வகுப்பில் வழமையான மாணவியாகச் சேர ஏலாது. அதனால் வெளியே தனியாகப் படித்து, பரீட்சையை மட்டும் உள்ளே போய் எழுதினார். 1857இல் சித்தியடைந்தார். அப்போது அவருக்கு 16 வயது. கையில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது, அதைக் காட்டி எடுக்கக்கூடிய வேலை ஒன்றும் இல்லை. சட்டம் விடாது.

இந்த நிலைமை எங்களுக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. படிக்கலாம், பட்டமும் எடுக்கலாம், வாழ்த்துச் சொல்லுவினம். வேலை, அதிகாரம், முடிவெடுக்கிற கதிரை என்று வரும்போதுதான் சட்டமும் சம்பிரதாயமும் கண் முழிக்கும்.

ஒரு பெண்ணுக்காக ஒரு சட்டம்

அப்பாவும் மகளும் சேர்ந்து எழுதத் தொடங்கினார்கள். விண்ணப்பம், முறைப்பாடு, திரும்பவும் விண்ணப்பம். அந்தக் காலத்துச் சுவீடன் நாடாளுமன்றம் நான்கு வர்க்கங்களாகப் பிரிந்து இருந்தது: பிரபுக்கள், மதகுருமார், நகர வணிகர், விவசாயிகள். மதகுருமாருக்கென்றே தனி அவை. தேவாலயம் சம்பந்தமான ஒரு மாற்றத்தை அப்படியான ஓர் அமைப்பில் கொண்டுவருவது லேசான காரியமில்லை. அப்பாவுக்கு அரசியலில் ஆட்களைத் தெரியும் என்பது உதவியது. இதை நாங்கள் மறைக்கக்கூடாது. விஸ்பியில் ஒரு மீன்பிடிக்காரரின் மகளுக்கு இதே திறமை இருந்திருந்தால் அவளின் பெயரை நாங்கள் இண்டைக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டம்.

காலமும் கொஞ்சம் கை கொடுத்தது. 1845இல் சுவீடனில் மகளுக்கும் மகனுக்கும் சமமான சொத்துரிமை வந்திருந்தது. 1856இல் ஃபிரெட்ரிகா பிரேமர் எழுதிய 'ஹேர்த்தா' என்ற நாவல், திருமணமாகாத பெண் எத்தனை வயதானாலும் சட்டத்தின் கண்ணில் சிறுபிள்ளையாகவே இருப்பதைப் பற்றி நாடு முழுக்க விவாதத்தைக் கிளப்பியது. 1858இல் திருமணமாகாத பெண் 25 வயதில் விண்ணப்பித்துச் சட்டரீதியான முதிர்நிலையைப் பெறலாம் என்று ஆனது. 1863இல் விண்ணப்பம் இல்லாமலே அது கிடைத்தது. இந்த அலைக்குள்தான் எல்ஃபிரீடாவின் போராட்டமும் வருகிறது. 1861இல் சட்டம் மாறியது. பெண்கள் ஓர்கனிஸ்ட் பதவி வகிக்கலாம். அதே வருடம் ஸ்ரொக்ஹோமில் இருந்த ஃபின்லாந்துச் சபையின் தேவாலயத்திலும், பிறகு பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையின் தேவாலயத்திலும் அவர் ஓர்கன் மாடத்துக்கு ஏறினார்.

இதற்கு இடையில் இன்னொரு காரியமும் நடந்தது. ஓர்கன் சட்டம் மாறும் வரைக்கும் சும்மா இருக்க அவர் ஆயத்தமில்லை. 1860இல் தந்திப் பயிற்சியை முடித்தார். பெண்களைத் தந்தி வேலைக்கு எடுக்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதற்கும் அப்பாவும் மகளும் விண்ணப்பம் எழுதினார்கள். 1863இல் அந்தக் கதவும் திறந்தது. சுவீடனின் முதல் மின்தந்தி இணைப்பு 1853இல் ஸ்ரொக்ஹோமுக்கும் உப்சாலாவுக்கும் இடையில் வந்திருந்தது. பத்து வருடத்துக்குள் தந்திக் கம்பிகள் நாடெங்கும் ஓடத் தொடங்க, அரசுக்கு வேகமான விரல்கள் தேவைப்பட்டன. ஓர்கன் சட்டத்தை விட இந்தச் சட்டம்தான் கனக்கப் பெண்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கும் என்பது எங்கட எண்ணம். ஓர்கனிஸ்ட் ஆக ஆசைப்படுகிற பெண்கள் கொஞ்சப் பேர்தான். சொந்தச் சம்பளத்தில் சீவிக்க ஆசைப்படுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எல்ஃபிரீடா போராடியது தனக்காகத்தான். ஆனால் அவர் போன வழியால் பின்னுக்கு வந்தவர்கள் யாருக்கும் ஓர்கன் தெரிந்திருக்கத் தேவையில்லை.

கோத்தன்பேர்க், 1867

1867இல் மேற்குக் கரையிலுள்ள கோத்தன்பேர்க் நகரப் பேராலயத்தின் ஓர்கனிஸ்ட் பதவி வெற்றிடமானது. துறைமுக நகரம், பணக்கார வணிகர்களின் நகரம், நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். எல்ஃபிரீடா ஆண் விண்ணப்பதாரர்களோடு போட்டியிட்டு அந்தப் பதவியை எடுத்தார். அவருக்கு வயது 26. ஐரோப்பாவிலேயே பேராலய ஓர்கனிஸ்ட் ஆன முதல் பெண் என்று வழமையாகச் சொல்வது இந்த நியமனத்தை வைத்துத்தான்.

அந்தக் கதிரையை விட்டு அவர் எழும்பவில்லை. 1929 ஜனவரி 11இல் 87 வயதில் இறக்கும் வரைக்கும், 61 வருடங்களுக்கு மேலாக, பதவி அவருடையதாகவே இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஐரோப்பாவில் மோட்டர் கார் இல்லை. அவர் இறந்தபோது றேடியோவில் இசை கேட்கிற காலம் வந்துவிட்டது.

நிரந்தரமான ஓர் உத்தியோகம் ஒரு கலைஞருக்கு என்ன செய்யும் என்பதை நாங்கள் குறைத்து மதிப்பிடக்கூடாது. மாதச் சம்பளம் இருந்தால் யாரிடமும் கையேந்தத் தேவையில்லை. கலியாணத்தைச் சோற்றுக்கான வழியாகப் பார்க்கத் தேவையில்லை. எல்ஃபிரீடா கலியாணம் முடிக்கவில்லை. அதற்கான காரணம் அவருடைய சொந்த விசயம். ஆனால் சட்டம் என்ன சொன்னது என்று பார்க்கலாம். சுவீடனில் திருமணமான பெண் 1921 வரைக்கும் கணவனின் பாதுகாவலுக்குக் கீழ் இருந்தவள். தனியாள் எல்ஃபிரீடா 25 வயதுக்குப் பிறகு சட்டப்படி முழு மனிதர். யாரையாவது முடித்திருந்தால் அண்டைக்கே திரும்பவும் சிறுபிள்ளை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பெயர் சொல்லலாம். அமண்டா மாயர், 1853இல் பிறந்தவர். அதே ஸ்ரொக்ஹோம் கல்லூரியில் இசை இயக்குநர் தகைமை பெற்ற முதல் பெண். அற்புதமான வயலின் கலைஞர். தானே எழுதிய வயலின் கொன்சேர்ட்டோவைத் தானே வாசித்தவர். ஜூலியஸ் றொன்ற்கன் என்ற இசையமைப்பாளரை மணந்து ஒல்லாந்துக்குப் போனார். அதற்குப் பிறகு பொதுமேடையில் வாசிப்பது நின்றுபோனது. வீட்டுக்கு வருகிற நண்பர்களுக்கு முன்னால் மட்டும் வாசித்தார். கணவன் கெட்டவன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கலியாணம் எண்டால் அதுதான்.

ஒரு பார் பிந்தி

இனி நாங்கள் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். கதவு திறந்து உள்ளே போன பிறகு?

ஓர்கன் வாசிப்பது அடுத்தவர் எழுதியதை வாசிப்பது. எல்ஃபிரீடாவுக்கு எழுதவும் வேணும். ஸ்ரொக்ஹோமில் லுட்விக் நோர்மன் என்பவரிடமும், பிறகு கொப்பன்ஹேகனில் நீல்ஸ் காடேயிடமும் இசையாக்கம் படித்தார். 1865இல் அவருடைய பியானோ குவின்ரெற், அதாவது பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும் சேர்ந்த ஒரு படைப்பு, அச்சில் வந்தது. இது வரைக்கும் பிரச்சினை இல்லை. வீட்டு விறாந்தையில் வாசிக்கக்கூடிய சிறிய படைப்புகளைப் பெண் எழுதினால் "வடிவாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சிம்பொனி வேறு விசயம். அறுபது எழுபது பேரைச் சேர்க்க வேணும், மண்டபம் வேணும், ஒத்திகை வேணும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆண்கள் எல்லாரும் உன்ர கடதாசியில் எழுதியிருப்பதை மதித்து வாசிக்க வேணும். எல்ஃபிரீடாவின் முதல் சிம்பொனி 1869இல் ஸ்ரொக்ஹோமில் மேடையேறியது. கடைசிப் பகுதியில் முதல் வயலின்காரர் ஒரு பார் பிந்தி வாசித்தார்கள். ஒரு பார் என்றால் எங்கட முறையில் ஒரு தாளவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டுக்காரர் சரணத்தில் நிற்க, வயலின்காரர் ஒரு ஆவர்த்தனம் பின்னுக்கு நின்று, அப்படியே முடிவு வரைக்கும் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சபைக்குக் கேட்டது இரைச்சல். அந்த இரைச்சலை எழுதியது அவர்தான் என்றே கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

இது தற்செயலாக நடந்ததா, வேணுமென்று செய்ததா? வேணுமென்று செய்தார்கள் என்றுதான் எல்ஃபிரீடா நம்பினார். நூற்றைம்பது வருடம் கழித்து நாங்கள் தீர்ப்புச் சொல்ல ஏலாது. ஆனால் ஒரு விசயம் தெளிவு. அவ்வளவு பேர் ஒரு பார் பிந்தி வாசிப்பது ஒத்திகையில் கவனம் இருந்திருந்தால் நடக்காது. வன்மமோ அலட்சியமோ, இரண்டில் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். அந்தப் படைப்பின் உண்மையான ஒலி அண்டைக்கு ஒருவருக்கும் கேட்கவில்லை.

சட்டத்தை மாற்ற விண்ணப்பம் எழுதலாம். இதுக்கு யாரிடம் விண்ணப்பம் எழுதுவது? ஓர்கன் தடை ஒரு சட்டப் புத்தகத்தில் இருந்தது, அதைக் காட்டலாம், சண்டை பிடிக்கலாம், அழிக்கலாம். வயலின்காரரின் வில்லில் இருக்கிற தடையை எந்தப் புத்தகத்தில் காட்டுவது? நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய இடம் இதுதான்.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. பத்து வருடத்தில், 1879இல், இரண்டாவது சிம்பொனி வந்தது. அதே வருடம் விக்ரோர் றுய்ட்பேரியின் கவிதையை வைத்துப் பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்குமாக 'ஸ்னோஃப்ரிட்' என்ற படைப்பையும் எழுதினார். இதே கவிதைக்குப் பின்னாளில் ஃபின்லாந்தின் சிபேலியஸ் 1900இல் இசையமைத்தார். தேடினால் பெரும்பாலும் சிபேலியஸ்தான் முன்னுக்கு வருவார். 1879இலேயே சுவீடனின் றோயல் இசைக் கலைக்கழகம் எல்ஃபிரீடாவை உறுப்பினராக எடுத்தது. 1890களின் தொடக்கத்தில் தனி ஓர்கனுக்கான சிம்பொனி ஒன்றை எழுதினார். இண்டைக்கு ஓர்கன் கலைஞர்கள் அவருடைய படைப்புகளில் அதிகம் வாசிப்பது இதைத்தான். அதுக்கும் ஒரு காரணம் இருக்கிறது எண்டு எங்களுக்குப் படுகிறது. தனி ஓர்கனுக்கு எழுதினால் வேறொருவரின் சம்மதம் தேவையில்லை. பத்து விரல், இரண்டு கால், எழுதியவரே வாசிக்கலாம். ஒருவரும் ஒரு பார் பிந்த மாட்டினம்.

இரண்டு பெண்கள் எழுதிய ஒப்பேரா

ஸ்ரொக்ஹோமில் புதிய ஒப்பேரா மாளிகை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1898இல் அது திறக்கப்பட்டது. அதையொட்டிப் புதிய சுவீடிஷ் ஒப்பேராவுக்கு ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. எல்ஃபிரீடா தனக்குப் பாட்டுவரிகள் எழுத ஓர் இளம் எழுத்தாளரைக் கேட்டார். 1891இல் 'யோஸ்தா பேர்லிங்கின் கதை' என்ற நாவலை வெளியிட்டுக் கவனம் பெற்றிருந்த செல்மா லாகர்லொஃப்தான் அவர். எடுத்துக்கொண்ட கதை ஃப்ரித்தியோஃப். ஏசாயாஸ் தெக்னேர் 1825இல் கவிதையாக எழுதியதால் சுவீடன் முழுக்கத் தெரிந்த வீரகாவியம்.

பரிசு கிடைக்கவில்லை. ஒப்பேரா அவர் உயிரோடு இருந்தபோது முழுமையாக மேடையேறவே இல்லை. அவர் அதிலிருந்து சில பகுதிகளை எடுத்து இசைக்குழுவுக்கான ஒரு தொகுப்பாகச் செய்தார்; அது மட்டும் கேட்கக் கிடைத்தது. லாகர்லொஃப் 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் ஆனார். நோபல் பரிசாளர் எழுதிய வரிகள் உள்ள ஒப்பேரா என்ற விளம்பரம் கூட அந்த வேலையை மேடைக்குத் தள்ளவில்லை.

இங்கே எழுத்துக்கும் இசைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கலாம். நாவலை ஒருவர் அச்சிட்டால் போதும், வாசகர் வீட்டில் இருந்து வாசிப்பார். ஒப்பேராவோ சிம்பொனியோ கடதாசியில் கிடந்தால் அது இன்னும் இசை ஆகவில்லை. அதற்குக் கட்டடம், காசு, ஆட்கள், நிறுவனம் எல்லாம் வேணும். இந்த நிறுவனங்கள் எல்லாம் யாருடைய கையில் இருந்தன என்று கேட்டால், பெண் நாவலாசிரியர்களின் பெயர் எங்களுக்குத் தெரிவதும் பெண் சிம்பொனி ஆசிரியர்களின் பெயர் தெரியாததும் ஏன் என்று விளங்கும். அந்தக் காலத்திலேயே லவுரா நெற்சல் என்ற இன்னொரு சுவீடன் இசையமைப்பாளர், பெண் என்று தெரியாமல் இருக்க 'என். லாகோ' என்ற புனைபெயரில் தன் இசையை வெளியிட்டார். எல்ஃபிரீடா பெயரை மறைக்கவில்லை. அதற்கான விலையையும் கொடுத்தார்.

தொழிலாளர்களுக்கு எண்ணூறு கச்சேரி

ஒப்பேரா கைவிட்டுப் போன அதே காலத்தில்தான் அவருடைய வாழ்க்கையின் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி தொடங்குகிறது. கோத்தன்பேர்க் தொழிலாளர் நிலையம் சாதாரண சனத்துக்கென்று மக்கள் கச்சேரிகளை நடத்திவந்தது. 1897இல் அதன் பொறுப்பை எல்ஃபிரீடா எடுத்தார். அவருடைய பொறுப்பில் ஏறக்குறைய 800 கச்சேரிகள் நடந்தன. ஃபிரெட்ரிகாவின் மகள் எல்சா ஸ்ரென்ஹமரும் இந்த வேலையில் கூட நின்றார்.

56 வயதில் ஒருவர் தொடங்கிய வேலை இது. ஒப்பேரா மாளிகையின் வெல்வெற் கதிரைகளுக்குக் காசு கட்ட ஏலாத துறைமுகத் தொழிலாளிக்கும் தையல்காரிக்கும் வகைவகையான இசையைக் கேட்க ஓர் இடம். இசைக்குழுவுக்கு முன்னால் நின்று கோல் பிடிக்கிற பெண்ணை ஐரோப்பாவில் காண்பதே அரிதாக இருந்த காலத்தில், கோத்தன்பேர்க் சனத்துக்கு அது பழகின காட்சி ஆகியது. 1869இல் அவருடைய சிம்பொனியைக் கேட்ட சபை பெரிய இடத்துச் சபை. அவருக்குச் சொந்தமான சபை இங்கேதான் உருவானது என்று சொல்லலாம். மேலே இருந்து கிடைக்காத அங்கீகாரத்துக்காக அழுதுகொண்டு நிற்காமல், கீழே புதிதாக ஓர் அரங்கைக் கட்டிய காரியம் இது. சின்னச் சின்ன வாசகர் வட்டம், நாடகக் குழு, திரையிடல் என்று ஏதாவது நடத்திப் பார்த்தவர்களுக்கு எண்ணூறு என்ற எண்ணின் பாரம் விளங்கும்.

வாக்கு

1911 யூனில் சர்வதேசப் பெண்கள் வாக்குரிமைக் கூட்டமைப்பின் மாநாடு ஸ்ரொக்ஹோமில் நடந்தது. பல நாடுகளில் இருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். அந்த மாநாட்டுக்கென்று ஒரு கன்ரற்றாவுக்கு இசையமைத்தவர் எல்ஃபிரீடா. வயது 70. அதே மாநாட்டில் லாகர்லொஃப் நிகழ்த்திய 'வீடும் அரசும்' என்ற உரை சுவீடன் வரலாற்றின் புகழ்பெற்ற உரைகளில் ஒன்று. உரை அச்சில் திரும்பத் திரும்ப வந்தது. பாட்டு அலுமாரிக்குள் போனது. மேலே சொன்ன அதே கதை திரும்பவும்.

1919இல் சுவீடன் நாடாளுமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்க வாக்களித்தது. 1921 செப்ரெம்பரில் பெண்கள் முதல் தடவை பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். எல்ஃபிரீடாவுக்கு அப்போது 80 வயது. ஓர்கனிஸ்ட் ஆகிற உரிமைக்கும் வாக்களிக்கிற உரிமைக்கும் இடையில் 60 வருடம். அத்தனை வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் நாட்டின் இரண்டாவது பெரிய நகரத்தின் சபையைப் பாட வைத்த ஒருவருக்கு, அந்த நாட்டை யார் ஆள வேணும் என்று சொல்ல உரிமை இருக்கவில்லை.

இன்னொரு கணக்கும் பார்க்கலாம். அவர் ஓர்கன் மாடத்துக்கு ஏறியது 1861. அதே சபை முதல் பெண் குருக்களை அபிஷேகம் செய்தது 1960. மாடத்துக்கும் பீடத்துக்கும் இடையில் கூப்பிடு தூரம். அதைக் கடக்க 99 வருடம் பிடித்தது.

"முதல் பெண்" என்ற சொல்லில் உள்ள பிரச்சினை

அவர் இறந்த பிறகு பேராலயத்தில் அவருடைய பெயர் நின்றது. இசை நிற்கவில்லை. கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்த பெரிய படைப்புகள், பெண்ணிய ஆய்வாளர்களும் இசைக் கலைஞர்களும் தேடி எடுக்கத் தொடங்கிய 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் திரும்ப மூச்சு விட்டன. இசையியலாளர் ஏவா ஓஸ்ட்ரொம் எழுதிய வாழ்க்கை வரலாறு 1999இல் வந்தது. சிம்பொனிகள் இப்ப ஒலிப்பதிவில் இருக்கின்றன. ஒரு பார் பிந்தாமல் கேட்கலாம்.

"முதல் பெண்" என்ற பட்டம் ஒரு மரியாதை போலத்தான் தெரிகிறது. ஆனால் அது ஒரு வேலையும் செய்கிறது. "பாருங்கோ, திறமை இருந்தால் வரலாம்தானே" என்று நிறுவனம் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள அது உதவும். ஒரு பெண் உள்ளே வந்துவிட்டாள், இனிக் கதை முடிந்தது என்று ஒரு நினைப்பு வந்துவிடும். உள்ளே வந்தவளுக்கு ஒத்திகை நேரம் கிடைத்ததா, அவளின் வேலை திரும்ப மேடையேறியதா, அவள் இறந்த பிறகு அவளுடைய கடதாசிகளை யார் பாதுகாத்தார்கள் என்று பிறகு ஒருவரும் கேட்கிறதில்லை. எல்ஃபிரீடா அந்த்ரேக்குக் கதிரை 26 வயதில் கிடைத்தது. செவிகள் கிடைக்க அவர் இறந்தும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அவருடைய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு குறிக்கோள் உண்டு: பெண் இனத்தின் உயர்வு. தன்னுடைய உயர்வு என்று அவர் எழுதவில்லை. அப்படிப் பார்த்தால், முதல் பெண் என்று அவரைக் கொண்டாடுவதை விட, இரண்டாவது, மூன்றாவது, நூறாவது பெண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்பதுதான் அவருக்குச் செய்கிற நேர்மையான மரியாதை. எங்கட பக்கத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்க இடங்கள் கனக்க இருக்கு. மிருதங்கக்காரர் எத்தனை பேர் பெண்கள், தவில் எத்தனை பேர், கச்சேரி ஒழுங்கு செய்கிற குழுக்களில் எத்தனை பேர் என்று அவரவர் ஊரில் எண்ணிப் பார்க்கலாம்.

அதுக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கோ. இரவில ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கி, அந்த ஈ மைனர் பியானோ குவின்ரெற்றைக் கேளுங்கோ. இருபத்துநான்கு வயதுப் பெண் எழுதியது. பிறகு ஓர்கன் சிம்பொனியைக் கேளுங்கோ, நல்ல ஹெட்போனில, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து. அவரைப் பற்றி வாசிக்கிறது நல்ல விசயம்தான். ஆனால் எல்ஃபிரீடா கேட்டது ஓர் இசையமைப்பாளருக்குச் செய்ய வேண்டிய அடிப்படைக் காரியம் ஒன்றை மட்டும்தான்: அவர் எழுதியதை, எழுதியபடி, கேட்பது.